ஏழரைச் சனியும் ஈயக் குண்டும்

2023-ம் வருஷத்தில் சனி கிரகம் மகர ராசியை விட்டுக் கும்ப ராசிக்குப் பெயர்ந்த நாள் எது என்று கேட்டால், நம் நாட்டில் இரண்டு பதில்கள் கிடைக்கும். திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர்கள் ஜனவரி மாதம் 17-ந் தேதி என்றார்கள். வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் டிசம்பர் மாதம் 20-ந் தேதி என்றார்கள். இரண்டு தேதிகளுக்கும் நடுவே பதினோரு மாதங்கள் இருக்கின்றன. முதல் கட்சியை நம்பினவர்களில் சிலருக்கு ஜனவரியிலேயே விமோசனம் பிறந்துவிட்டது. இரண்டாவது கட்சியை நம்பினவர்களோ அதே விமோசனத்துக்காக டிசம்பர் வரையில் பயந்துகொண்டே காத்திருந்தார்கள். அப்படியானால் அந்தப் பதினோரு மாத காலமும் சனி எங்கேதான் இருந்தது? ஒரே ஆளை அது விட்டும் இருந்ததா, பிடித்தும் இருந்ததா? இதற்கு இரு கட்சியாரும் சேர்ந்து ஒரு பதில் சொன்னதில்லை. எள்ளும் நல்லெண்ணெயும் மாத்திரம் இரண்டு தேதிகளிலும் விற்றன.

இதை நாம் பரிகாசத்துக்காகச் சொல்ல வரவில்லை. சனி பிடித்திருக்கிறது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பெண்ணின் கல்யாணத்தை இரண்டரை வருஷம் தள்ளிப் போட்ட குடும்பங்கள் நம்மில் உண்டு. வியாதிக்கு மருந்து வாங்க வேண்டிய பணத்தைப் பரிகாரத்துக்குச் செலவு செய்தவர்களும், அதற்காகக் கடன் வாங்கினவர்களும் உண்டு. மற்றவர்களை ஏமாற்றி வாழ்கின்றவர்களைவிட, பயந்து செலவழிக்கின்ற இந்த ஏழை மக்களைப் பற்றியே நமக்குக் கவலை. ஆகையால் சனி என்பது என்ன, அது ஏன் ஓடுகின்றது, அதன் ஓட்டத்தை நிர்ணயிப்பது எது என்கின்ற விஷயத்தைச் சற்று விளக்கமாகவே எழுதலாம் என்று கருதுகின்றோம்.

முதலில் இந்த "ஏழரை" என்கின்ற கணக்கையே எடுத்துக்கொள்வோம். சனி சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 29½ வருஷமாகின்றது. ராசிகள் பன்னிரண்டு. ஆகவே ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டரை வருஷம். ஒருவனுடைய ஜன்ம ராசி, அதற்கு முன் ராசி, அதற்குப் பின் ராசி ஆகிய மூன்றிலும் சனி இருக்கும் காலமே ஏழரை வருஷம். பன்னிரண்டில் மூன்று என்றால் கால் பாகம். எனவே ஏழரை என்பது சனியின் ஒரு சுற்றில் கால் சுற்று என்பதைத் தவிர வேறொன்றுமில்லை. அதில் எவனுடைய பாவமும் இல்லை. எவனுடைய பூர்வ ஜன்மமும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டு ராசிக்காரரில் மூன்று ராசிக்காரர் இந்த ஏழரைக்குள் அகப்பட்டே தீரவேண்டும். உலகத்தின் ஜனத்தொகை 2022-ம் வருஷத்திலேயே 800 கோடியைத் தாண்டிவிட்டது. அதில் கால் பாகம் என்றால் 200 கோடி. இருநூறு கோடிப் பேருக்கு ஒரே காலத்தில், ஒரே காரணத்தால், ஒரே விதமான கஷ்டம் என்றால், அவர்களில் பட்டம் ஏற்றவர்களும், பரிசு பெற்றவர்களும், பிள்ளை பெற்றவர்களும், பணம் சேர்த்தவர்களும் எப்படி இருக்க முடியும்?

நிற்க. சனியின் சுற்று 29½ வருஷம் என்று முதலில் கண்டவர்களை நாம் குறைவாகச் சொல்ல மாட்டோம். பாபிலோனியாவிலும், கிரேக்க தேசத்திலும், இந்தியாவிலும் கண்ணாடிக் கருவி ஒன்றுமில்லாத காலத்தில், இரவெல்லாம் விழித்திருந்து, தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்து, அந்தக் கணக்கைக் கண்டார்கள். அது மனித அறிவின் பெருமை. ஆனால், பார்த்தவன் அறிவாளி. அதற்குப் பலன் சொன்னவன் பிழைப்பாளி. இவ்விரண்டு பேரையும் ஒருவராக நினைப்பதில்தான் நமது மக்கள் மோசம் போகின்றார்கள்.

சனிக்கு மந்தன் என்று ஒரு பேர். சனைச்சரன் என்றால் மெள்ளப் போகின்றவன் என்று அர்த்தம். ஏன் மெள்ளப் போகின்றான் என்று கேட்டால், கால் ஊனம் என்று ஒரு கதை சொல்லுவார்கள். அவன் காக்கை மீதேறிப் போகின்றான் என்றும் சொல்லுவார்கள். கால் ஊனமானவனுக்கு வாகனம் இருக்கும்போது காலைப் பற்றி என்ன கவலை என்று கேட்கக் கூடாது. ஐரோப்பாவிலும் இதற்குக் குறைவில்லை. கிரகங்களைத் தேவதூதர்கள் தள்ளிக்கொண்டு போகின்றார்கள் என்றும், வானத்துக்கு ஒரு சட்டம், பூமிக்கு வேறொரு சட்டம் என்றும் பெரிய படிப்பாளிகளே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதை உடைக்க ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனி தேசத்து யோஹான்னஸ் கெப்ளர். அவருங்கூட வயிற்றுப்பாட்டுக்காகப் பிரபுக்களுக்கு ஜாதகம் எழுதிக் கொடுத்தவரே. அவருடைய தாயார் காத்தரீனா சூனியக்காரி என்று 1615-ம் வருஷத்தில் ஊரார் குற்றஞ்சாட்டினார்கள். 1620-ல் அந்த மூதாட்டியைச் சிறையில் போட்டார்கள். மகன் தன் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வந்து, தாயாருக்காக வாதங்களைத் தானே எழுதி வழக்காடினார். 1621-ல் அந்த அம்மாள் விடுதலையானார். மறு வருஷமே இறந்துபோனார். இந்தத் தொல்லைகளுக்கு நடுவில்தான் கெப்ளர் தமது மூன்றாவது விதியைக் கண்டு 1619-ல் வெளியிட்டார்.

அந்த விதி இதுதான்: ஒரு கிரகம் சூரியனைச் சுற்றும் வருஷங்களை அதே எண்ணால் பெருக்குங்கள். அது சூரியனிலிருந்து பூமியைப்போல் எத்தனை மடங்கு தூரத்தில் இருக்கின்றதோ, அந்த எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்குங்கள். இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருக்கும். வியாழனுக்குத் தூரம் 5.2 மடங்கு, மூன்று முறை பெருக்கினால் ஏறக்குறைய 140.6. சுற்றும் காலம் 11.86 வருஷம், இரண்டு முறை பெருக்கினால் ஏறக்குறைய 140.7. சனிக்குத் தூரம் 9.54 மடங்கு, காலம் 29.46 வருஷம், இரு பக்கமும் 868. பேனாவும் காகிதமும் உள்ள எந்தப் பள்ளிக்கூடப் பையனும் இதைச் செய்து பார்க்கலாம். யாரும் உபதேசம் பெற்று வர வேண்டியதில்லை.

கெப்ளர் இளமையில், கிரகங்களைச் சூரியனிடத்திலுள்ள ஓர் ஆத்மா நடத்துவதாக எழுதியிருந்தார். இருபத்தைந்து வருஷம் கழித்து, 1621-ல், அதே புத்தகத்தை மறுபடியும் அச்சிட்டபோது, ஆத்மா என்ற இடத்தில் விசை என்று வைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று தாமே குறிப்பு எழுதிச் சேர்த்தார். தான் எழுதியதைத் தானே திருத்துகின்ற இந்த யோக்கியதைதான் அறிவுக்கு அடையாளம் என்று நாம் சொல்லுவோம்.

கெப்ளர் கண்டது கணக்கு. அந்தக் கணக்கு ஏன் அப்படி இருக்கின்றது என்பதை இங்கிலாந்து தேசத்து ஐசக் நியூட்டன் 1687-ல் வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி மிகவும் சாதாரணமானது. கீழே விழும் கல்லை இழுப்பது எதுவோ, அதுவேதான் சந்திரனையும் இழுக்கின்றதா? சந்திரன் பூமியின் மையத்திலிருந்து பூமியின் அரைக்குறுக்களவைப்போல் 60 மடங்கு தூரத்தில் இருக்கின்றது. தூரம் இரட்டித்தால் இழுப்பு நாலில் ஒன்றாகும்; மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும் என்பது நியூட்டன் கண்ட விதி. அறுபது மடங்குக்கு 3,600-ல் ஒரு பங்கு. அந்த விதி உண்மையானால், இங்கே ஒரு கல் ஒரு வினாடியில் விழுகின்ற 16 அடியை, அங்கே சந்திரன் ஒரு நிமிஷத்தில் விழ வேண்டும். கணக்குப் பார்த்தால் சந்திரன் அப்படியேதான் விழுந்துகொண்டிருக்கின்றது.

விழுகின்ற சந்திரன் ஏன் நம் தலைமேல் வந்து சேரவில்லை என்று ஒரு தோழர் கேட்கலாம். சோளக் கொல்லையில் கவண் சுற்றுகிறவரைப் பாருங்கள். கயிறு கல்லைக் கைப்பக்கம் இழுக்கின்றது. கல் நேரே ஓடப் பார்க்கின்றது. இரண்டும் சேர்ந்து அது வட்டமாகச் சுற்றுகின்றது. கயிற்றின் ஒரு முனையை விட்டால் கல் நேரே பறந்துவிடும். சந்திரனுக்கும் சனிக்கும் கயிற்றுக்குப் பதில் ஈர்ப்பு. நேரே ஓடும் ஓட்டத்திலிருந்து ஒவ்வொரு கணமும் உள்பக்கம் விழுந்து விழுந்தே அவை சுற்றுகின்றன.

இதில் யாரும் தள்ள வேண்டிய வேலையே இல்லை. செக்குமாடு சுற்றுகின்றது என்றால் எள்ளை நசுக்குகின்றது, உராய்வை எதிர்க்கின்றது, களைத்துப் போகின்றது. ஆகையால் அதற்குத் தீனி போட வேண்டும். சனி செக்குமாடு அல்ல. அது போகும் வழியில் தடுக்கக் காற்றில்லை. அதை இழுக்கும் ஈர்ப்போ பக்கவாட்டில் இழுக்கின்றதே ஒழிய, பின்னால் இழுப்பதில்லை. எனவே அதற்குப் புல்லும் வேண்டாம், புண்ணாக்கும் வேண்டாம். கால் ஊனமும் இல்லை, காக்கையும் வேண்டாம்.

இனி, ஓட்டத்துக்கும் சக்திக்கும் உள்ள சம்பந்தத்தைப் பார்ப்போம். நம் ஜனங்களுக்குக் கடன் என்றால் நன்றாகத் தெரியுமாதலால் அந்தப் பாஷையிலேயே சொல்லிவிடலாம். சூரியனுடைய ஈர்ப்பிலிருந்து முற்றிலும் விடுபட்டுப் போக வேண்டுமானால் ஒரு கிரகம் இவ்வளவு சக்தி கட்டியாக வேண்டும் என்று ஒரு தொகை இருக்கின்றது. அது அதன் கடன். தன் ஓட்டத்தில் அது வைத்திருக்கும் சக்தி அதன் கைமுதல். வட்டமாகச் சுற்றுகின்ற எந்தக் கிரகத்துக்கும் கைமுதல் கடனில் சரிபாதியாகவே இருக்கும். ஒரு தம்பிடி கூடுதலுமில்லை, குறைவுமில்லை. ஆகவே ஒவ்வொரு கிரகமும் பாதிக் கடனோடேயே காலந்தள்ளுகின்றது. பூமி வினாடிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் ஓடுகின்றது. அது 42 கிலோமீட்டர் ஓடுமானால் கைமுதல் இரட்டிப்பாகி, கடன் முழுவதும் தீர்ந்து, சூரியனை விட்டே போய்விடும்.

தூரத்தில் உள்ளவனுக்குக் கடன் குறைவு, ஆகையால் அவன் கைமுதலும் குறைவு, ஓட்டமும் மெதுவு. சனி ஒன்பதரை மடங்கு தூரத்தில் இருப்பதால், எடைக்கு எடை அதன் கடன் பூமியின் கடனில் ஒன்பதரையில் ஒரு பங்கு. அதனால் அதன் வேகம் பூமியின் வேகத்தில் மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவாக, வினாடிக்கு 9.7 கிலோமீட்டர் ஆகின்றது. பாதையோ ஒன்பதரை மடங்கு நீளம். மூன்றில் ஒரு வேகத்தில் ஒன்பதரை மடங்கு வழி நடந்தால் எவ்வளவு காலமாகும்? ஏறக்குறைய 29½ வருஷம். மந்தன் என்கின்ற பேருக்கும், ஏழரை என்கின்ற பயத்துக்கும் முழுக் காரணம் இவ்வளவுதான். வினாடிக்கு 9.7 கிலோமீட்டர் ஓடுகிறவனை நொண்டி என்றது நமது பெரியவர்களின் கருணை போலும்!

இந்தக் கடன் கணக்கில் ஒரு வேடிக்கையும் இருக்கின்றது. பூமிக்குச் சமீபத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களுக்கு அங்கே மிகவும் லேசாக உள்ள காற்று தட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த உராய்வினால் சக்தியை இழந்து அவை கீழே இறங்கும். ஆனால் இறங்க இறங்க வேகம் குறையாமல் கூடும். கைமுதல் ஒரு பங்கு ஏறினாற்போல் தோன்றும். கடனோ இரண்டு பங்கு ஏறியிருக்கும். அமெரிக்கர் 1973-ல் ஏற்றிய ஸ்கைலேப் என்னும் வானநிலையம் இப்படித்தான் மூழ்கி, 1979-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி இந்து சமுத்திரத்திலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாகத்திலும் துண்டு துண்டாக விழுந்தது. வட்டிக்கு வாங்கி ஆடம்பரமாகத் திரிகின்ற மைனரின் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

இவ்வளவும் சரி, ஆனால் இதுவரை சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கின்றது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு மளிகைக் கடைக்காரர் வெறும் மொத்தத் தொகை மாத்திரம் எழுதிய சீட்டை நம் கையில் கொடுத்தால், சரக்கு எவ்வளவு எடை என்று நமக்குத் தெரியுமா? விலை தெரிந்தாலொழிய எடை தெரியாது. எடை தெரிந்தாலொழிய விலை தெரியாது. வானம் நமக்குக் கொடுத்ததும் அப்படிப்பட்ட சீட்டே. பூமியின் தூரத்தையும் வருஷத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு பெருக்குத் தொகை கிடைக்கும். சூரியனிடத்தில் உள்ள பொருளின் அளவை, ஒரு கிலோ பொருளுக்கு இவ்வளவு ஈர்ப்பு என்கின்ற விலையால் பெருக்கி வந்த தொகை அது. கிரகங்களின் வேகம், வருஷம், கடன், கைமுதல் யாவும் அந்தப் பெருக்குத் தொகைக்குக் கட்டுப்பட்டவை. ஆனால் அதைப் பிரித்து, விலை வேறு, எடை வேறு என்று சொல்ல வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருக்காலும் முடியாது. விலையைப் பூமியிலேதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்த விலைக்குத்தான் ஈர்ப்பு மாறிலி என்று பெயர்.

அதைக் காண வழி செய்தவர் லண்டனில் இருந்த ஹென்றி கேவண்டிஷ். கருவியை முதலில் யோசித்துச் செய்தவர் ஜான் மிச்செல் என்கின்ற ஒரு பாதிரியார். அவர் 1793-ல் இறந்துபோகவே, கருவி கைமாறிக் கேவண்டிஷிடம் வந்தது. 1797-98-ல் அவர் செய்த வேலை இது: ஆறடி நீளமுள்ள ஒரு மரக் கோலின் இரண்டு முனைகளிலும் இரண்டு அங்குலக் குறுக்களவுள்ள சிறிய ஈயக் குண்டுகளைக் கட்டி, கோலின் நடுவைக் கம்பியால் தொங்கவிட்டார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகளைப் பக்கத்தில் கொண்டுவந்தார். பெரிய குண்டு சிறிய குண்டை இழுக்க, கோல் மயிரிழை திரும்பியது. தன் உடம்பின் சூட்டால் காற்று அசைந்து கணக்குக் கெடும் என்று பயந்து, அறையை மூடிவிட்டு வெளியே நின்று, சுவரில் வைத்த தொலைநோக்கி வழியாகப் பார்த்தார். அவர் அளந்த இழுப்பு எவ்வளவு? ஒரு மில்லிகிராம் எடையில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு!

கேவண்டிஷ் தேடியது பூமியின் அடர்த்தியை. தண்ணீரைப்போல் 5.48 மடங்கு என்று எழுதினார். அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்னதாகவே, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்கும் என்று நியூட்டன் உத்தேசித்திருந்தார். இன்றைய கணக்கு 5.51. கேவண்டிஷ் தம்முடைய எண்களுக்குச் சராசரி எடுத்ததில் ஒரு பிழை இருந்தது. பின்னால் வந்தவர்கள் அதைக் கண்டு அச்சிலேயே சொன்னார்கள். அதனால் அவர் பெருமை குறையவுமில்லை, சொன்னவர்களை யாரும் நாஸ்திகர் என்று வையவுமில்லை. அவருக்குப் பின் 19-ம் நூற்றாண்டில்தான் இந்த வேலையிலிருந்து ஈர்ப்பு மாறிலியைப் பிரித்து எழுதும் வழக்கம் வந்தது. 6.674 என்கின்ற எண்ணைப் பதினாயிரம் கோடியால் வகுத்தால் வருவது அதன் மதிப்பு. ஒரு மீட்டர் தூரத்தில் உள்ள இரண்டு ஒரு கிலோ எடைகள், நியூட்டன் என்கின்ற விசை அளவில், ஒன்றையொன்று இவ்வளவுதான் இழுக்கும்.

விலை தெரிந்ததும் வானத்தின் சீட்டுகளெல்லாம் திறந்துகொண்டன. பூமியின் எடை, சூரியனின் எடை எல்லாம் வந்துவிட்டன. சூரியன் பூமியைப்போல் 3,33,000 மடங்கு. சனிக்கும் சீட்டு இருக்கின்றது. டைட்டன் என்னும் அதன் பெரிய சந்திரனை ஹாலந்து தேசத்து ஹைகன்ஸ் 1655-ல் கண்டார். அது சனியிலிருந்து 12 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் 16 நாளுக்கு ஒரு முறை சுற்றுகின்றது. அந்தத் தூரத்தையும் நாளையும் கொண்டு தொகையைக் கண்டு, லண்டன் கொட்டகையில் பிறந்த விலையால் வகுத்தால் சனியின் எடை வருகின்றது. அது பூமியைப்போல் 95 மடங்கு. ஆனால் அதன் பருமனோ அதைவிட வெகு அதிகமாதலால், அதன் அடர்த்தி தண்ணீருக்கும் குறைவு. இத்தனை காலம் நம்மைப் பயமுறுத்தியது பெரும்பாலும் வாயுவும் திரவமுமாகிய ஒரு உருண்டை.

அப்படியானால் சனி நம்மை இழுக்கவே இல்லையா? இழுக்கத்தான் இழுக்கின்றது. எவ்வளவு என்பதையும் இதே விலையைக் கொண்டு கணக்கிடலாம். சனி நமக்கு மிகவும் சமீபத்தில் வரும்போதுகூட அதன் இழுப்பு பூமியின் இழுப்பில் 30 கோடியில் ஒரு பங்குகூட இல்லை. நாலாயிரம் கிலோ எடையுள்ள ஒரு கோயில் யானை எட்டடி தூரத்தில் நின்றால், அந்த யானை நம்மை இழுப்பது சனி இழுப்பதைவிட அதிகம். யானை இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குப் பெயர்ந்ததற்கு யாராவது பெயர்ச்சிப் பலன் எழுதுகின்றார்களா?

"எங்கள் சனி இழுப்பினால் வேலை செய்வதில்லை, சூட்சுமமான வேறு சக்தியால் வேலை செய்கின்றது" என்று சிலர் சொல்லக்கூடும். நல்லது. கேவண்டிஷ் ஒரு மில்லிகிராமில் அறுபதில் ஒரு பங்கை இருநூறு வருஷத்துக்கு முன்பே அளந்தார். கல்யாணத்தைத் தடுக்கவும், வியாபாரத்தைக் கவிழ்க்கவும், கோர்ட்டில் வழக்கைத் தோற்கடிக்கவும் போதுமான ஒரு சக்தி அதைவிடச் சிறியதாகவா இருக்கும்? அதையும் ஒரு கொட்டகையில் அளந்து காட்டட்டும், நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம்.

சனியால் உண்மையில் பாதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஹாலியின் வால் நட்சத்திரம். 1682-ல் தோன்றிய அது, 1758-ம் வருஷக் கடைசியிலோ அதையடுத்தோ திரும்பி வரும் என்று எட்மண்டு ஹாலி கணித்துச் சொல்லிவிட்டு, 1742-ல் இறந்துபோனார். பாரிஸ் நகரத்தில் கிளேரோ, லலாந்து, நிக்கோல் ரேன் லெபோட் என்கின்ற அம்மையார் ஆகிய மூவரும் மாதக்கணக்காகக் கணக்குப் போட்டார்கள். அந்த நட்சத்திரம் முந்திய சுற்றைவிட 618 நாள் தாமதிக்கும் என்றும், அதில் 518 நாள் வியாழனாலும் 100 நாள் சனியாலும் என்றும் கண்டு, அது 1759-ம் வருஷம் ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிகச் சமீபத்தில் வரும், கணக்கில் ஒரு மாதம் பிசகலாம் என்று 1758 நவம்பரிலேயே வெளியிட்டார்கள். மார்ச்சு மாதம் 13-ந் தேதி அது வந்தது. சனி பிடித்தது என்றால் இதுவல்லவா பிடித்தது! பிடித்த நாள் எத்தனை என்று முன்கூட்டியே சொல்லி, பிசகு எவ்வளவு இருக்கலாம் என்பதையும் சொல்லி, ஊரறியச் சோதனைக்கு விட்டார்கள்.

அது திரும்பி வந்ததை முதன்முதலில் 1758-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி இரவு பார்த்தவர் யார் தெரியுமா? ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த பாலிச் என்கின்ற விவசாயி. தானாகவே படித்து வானத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர். கணக்கில் பெரும்பாடு பட்டவரோ ஒரு பெண். அந்த அம்மையின் பெயரைக் கிளேரோ பின்னர் அச்சிட்ட தமது புத்தகத்தில் விட்டுவிட்டார். லலாந்து உண்மையை எழுதி வைத்ததால் அது நமக்குத் தெரிகின்றது. அறிவு உள்ள இடத்திலும் அநியாயம் நடக்கும் என்பதற்கும், உழுகிறவனுக்கும் பெண்ணுக்கும் வானத்தின் கணக்கு விளங்காது என்பது பொய் என்பதற்கும் இந்த ஒரு சம்பவமே போதும்.

நமது காலத்தில் மக்கள் சனிக்கே போய் வந்துவிட்டார்கள். காசினி என்னும் ஆளில்லாக் கலம் 1997-ம் வருஷம் அக்டோபரில் புறப்பட்டு, வழியில் வெள்ளி, பூமி, வியாழன் ஆகிய கிரகங்களின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைச் சம்பாதித்துக்கொண்டு, 2004-ம் வருஷம் ஜூலை மாதத் தொடக்கத்தில் சனியை அடைந்தது. அங்கே அது சனிக்குக் கடன்படாத விருந்தாளியாகப் போய்ச் சேர்ந்தது. அப்படியே விட்டிருந்தால் சனியைத் தாண்டிப் போயே போயிருக்கும். அங்கே தங்க வேண்டுமானால் கைமுதலைக் குறைத்துச் சனிக்குக் கடனாளியாக வேண்டும். ஆகையால் இயந்திரத்தை எதிர்ப்பக்கமாக ஏறக்குறைய 96 நிமிஷம் எரித்து வேகத்தைக் குறைத்தார்கள். நாம் மேலே சொன்ன கடன் கணக்கின்படி அது சனிக்குக் கட்டுப்பட்டுச் சுற்ற ஆரம்பித்தது. மறு வருஷம் ஜனவரி 14-ந் தேதி அதிலிருந்து பிரிந்த ஒரு கருவி டைட்டனில் இறங்கியது. பதின்மூன்று வருஷம் சனியைச் சுற்றிவிட்டு, எரிபொருள் தீர்ந்துபோகும் தறுவாயில், 2017-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி அந்தக் கலம் சனிக்குள்ளேயே இறக்கிவிடப்பட்டது. அதை அனுப்பினவர்கள் நல்ல நேரம் பார்த்தார்கள் என்றால், அது கிரகங்கள் எந்த இடத்தில் இருந்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று பார்த்த நேரமேயாகும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, விஞ்ஞானிகளுக்கு எல்லாம் முடிவாகத் தெரிந்துவிட்டது என்று நாம் சொன்னால் நாமும் ஜோசியராகிவிடுவோம். உண்மை என்னவென்றால், இயற்கையின் அடிப்படையான மாறிலிகளுக்குள் இந்த ஈர்ப்பு மாறிலிதான் மிகவும் குறைந்த துல்லியத்தோடு அறியப்பட்டிருக்கின்றது. ஈர்ப்பு அவ்வளவு பலவீனமானது. அதைத் தடுத்து மறைக்கச் சுவரும் கிடையாது. வெவ்வேறு பரிசோதனைச் சாலைகளில் கண்ட விடைகள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடவே செய்கின்றன. ஆனால் அவர்கள் அதை மறைக்கவில்லை. 2018-ம் வருஷத்துக்கென்று சர்வதேசக் கமிட்டியார் வெளியிட்ட பட்டியலில் எண்ணையும் போட்டு, அதன் பக்கத்திலேயே பத்து லட்சத்தில் 22 பங்கு பிசகு இருக்கலாம் என்பதையும் போட்டிருக்கின்றார்கள். இந்தச் சிறு பிசகுக்காக ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்புதுக் கருவிகளைச் செய்து சோதித்துக்கொண்டிருக்கின்றார்கள். பதினோரு மாதம் பிசகின பஞ்சாங்கத்தில் பிசகு என்கின்ற ஒரு பத்தி உண்டா? இரண்டு பஞ்சாங்கங்களில் ஒன்று வானத்தைப் பார்த்துத் திருத்திய கணக்கு. மற்றொன்று பழைய வாக்கியங்களின் கணக்கு. ஒன்றைத் திருத்தலாம் என்று ஒப்புக்கொண்ட பின்பும், பலனை மாத்திரம் திருத்தக் கூடாது, சோதிக்கக் கூடாது என்பது எந்த நியாயம்?

ஆகையால் வாசகர்களை நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். சனி ஒன்றும் கண்ணுக்குத் தெரியாத பூதமல்ல. வருஷத்தில் பல மாதங்களில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலோ, வாசகசாலையிலோ ஒரு சிறிய தொலைநோக்கி வாங்கிவைத்தால், அதன் வளையத்தையும், பக்கத்தில் ஒரு புள்ளியாக டைட்டனையும் பெண்களும் பிள்ளைகளும் உட்பட எல்லோரும் பார்க்கலாம். டைட்டன் எந்தப் பக்கம் இருக்கின்றது என்று பதினாறு நாள் குறித்து வாருங்கள். அது சுற்றி வந்து பழைய இடத்தில் நிற்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். கொட்டகையில் தொங்கிய ஈயக் குண்டுக்கு எது சட்டமோ, அதுவே டைட்டனுக்கும், சனிக்கும், நாம் மிதிக்கின்ற பூமிக்கும் சட்டம். அதில் மேல் உலகம், கீழ் உலகம் என்கின்ற வித்தியாசம் கிடையாது. அதற்கு லஞ்சமும் கிடையாது, பரிகாரமும் கிடையாது.

அப்படிப் பார்த்த பிறகும் எள் விளக்கு ஏற்றத்தான் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுமானால் அது அவரவர் இஷ்டம். பார்ப்பதற்கு முன்னால் மாத்திரம் ஒரு பெண்ணின் கல்யாணத்தையோ, ஒரு நோயாளியின் மருந்தையோ நிறுத்திவைக்க வேண்டாம் என்று வணக்கமாகக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.